எத்தனையில் எத்தனை? நிகழ்தகவுக் கணக்குகளைப் போடும் முறை

ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால், ஒரு முறையாவது தலை விழுவதற்கு வாய்ப்பு எவ்வளவு? நிகழ்தகவு படிக்கத் தொடங்குபவர் முதல் சில நாட்களிலேயே சந்திக்கும் கணக்கு இது. சரியான விடை முக்கால். ஆனால் 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் முன்னணிக் கணித அறிஞர்களுள் ஒருவரான ழான் த'அலம்பேர், 1754-இல் வெளிவந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத் தொகுதியில் இதே கேள்விக்கு மூன்றில் இரண்டு என்று விடை எழுதினார். முதல் முறையே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, மறுபடி சுண்ட வேண்டியதில்லை என்பது அவர் வாதம். அப்படிப் பார்த்தால் நடக்கக்கூடியவை மூன்றுதான்: முதலிலேயே தலை; முதலில் பூ, பிறகு தலை; இரண்டும் பூ. இந்த மூன்றில் இரண்டு சாதகமானவை.

அவர் வகுத்ததில் தவறில்லை. 'மூன்று' என்று எண்ணிய இடத்தில்தான் தவறு. முதல் முறையே தலை விழ அரை வாய்ப்பு உண்டு. மற்ற இரண்டுக்கும் கால் கால்தான். எடையில் ஒவ்வாத மூன்றை ஒரே எடையாகக் கொண்டு எண்ணிவிட்டார். முழுவதையும் எழுதிப் பார்த்தால் தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என நான்கு வரும். நான்கும் சமம். அவற்றுள் மூன்றில் தலை இருக்கிறது. ஆகவே முக்கால்.

நிகழ்தகவில் பெரும்பாலோர் இடறுவது இதே படியில்தான். பின்னத்தின் மேலே எழுதும் எண் எளிதாகக் கிடைத்துவிடும்; கீழே எழுதும் எண்ணில்தான் கணக்கு நிற்கிறது. 'எத்தனை?' என்று கேட்பதற்கு முன்னால் 'எத்தனையில்?' என்று கேட்கப் பழகியவருக்குத் தொடக்கநிலைக் கணக்குகளில் பாதிச் சுமை இறங்கிவிடும்.

அடிப்படைச் சொற்கள்

நாணயம் சுண்டுவது, பகடை உருட்டுவது, கலைத்த சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவுவது போன்றவற்றில் என்னென்ன வரக்கூடும் என்பது முன்பே தெரியும். இந்த முறை எது வரும் என்பது தெரியாது. இத்தகைய செயலுக்குச் சமவாய்ப்புச் சோதனை என்று பெயர். வரக்கூடிய விளைவுகள் அனைத்தையும் சேர்த்த பட்டியல் கூறுவெளி. அந்தப் பட்டியலில் நமக்கு வேண்டிய பகுதி நிகழ்ச்சி. பகடை ஒன்றை உருட்டும்போது கூறுவெளி 1, 2, 3, 4, 5, 6 என்ற ஆறு எண்கள். 'இரட்டைப்படை எண் விழுவது' என்ற நிகழ்ச்சியில் 2, 4, 6 என்ற மூன்றும் அடங்கும்.

கூறுவெளியில் உள்ள விளைவுகள் எல்லாம் சம வாய்ப்புள்ளவையாக இருந்தால், சாதகமான விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது நிகழ்தகவு. நடக்கவே நடக்காததன் நிகழ்தகவு 0. கட்டாயம் நடப்பதன் நிகழ்தகவு 1. மற்றவை எல்லாம் இந்த இரண்டுக்கும் இடையே. 'சம வாய்ப்புள்ளவை' என்ற அந்த நிபந்தனையைப் படித்துவிட்டு மறந்துவிடக் கூடாது. நாளை மழை பெய்யும், அல்லது பெய்யாது; விளைவுகள் இரண்டுதான். அதனால் மழைக்கு அரை வாய்ப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். த'அலம்பேர் சறுக்கியதும் இதே வழியில்தான்.

தாயக்கட்டையில் ஒரு கூறுவெளி

கூறுவெளியைக் கையால் தொட்டுப் பார்க்கத் தாயக்கட்டையைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது. நீண்ட பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கங்கள். ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி, இன்னொன்றில் இரண்டு, மற்றொன்றில் மூன்று. நான்காவது பக்கம் வெறுமையாக இருக்கும். இரண்டு கட்டைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித் தரையில் விட்டால், மேலே தெரியும் புள்ளிகளின் கூட்டல்தான் விழுந்த எண். இரண்டும் வெறுமையாக விழுந்தால் அது 12, ஈராறு. கூட்டல் 1 வந்தால் அது தாயம். காய் இறங்க அதுதான் வேண்டும்.

ஒரு கட்டை நான்கு விதமாக விழலாம். அந்த நான்கில் ஒவ்வொன்றோடும் மற்றக் கட்டை நான்கு விதமாக விழலாம். ஆக மொத்தம் 16 விளைவுகள். வெறுமையை 0 என்று எழுதிக்கொண்டு, இரண்டு கட்டைகளையும் வரிசையாகக் குறித்தால் பட்டியல் இப்படி அமையும்:

தாயம் (1): 0-1, 1-0. இரண்டு வழிகள்.
இரண்டு: 0-2, 2-0, 1-1. மூன்று வழிகள்.
மூன்று: 0-3, 3-0, 1-2, 2-1. நான்கு வழிகள்.
நான்கு: 1-3, 3-1, 2-2. மூன்று வழிகள்.
ஐந்து: 2-3, 3-2. இரண்டு வழிகள்.
ஆறு: 3-3. ஒரு வழி.
ஈராறு (12): 0-0. ஒரு வழி.

கூட்டினால் 16. எதுவும் விடுபடவில்லை, எதுவும் இரண்டு முறை வரவில்லை என்பதற்கு அதுவே சான்று. விழக்கூடிய எண்கள் ஏழு என்பதால் தாயத்துக்கு ஏழில் ஒரு வாய்ப்பு என்று சொன்னால் அது த'அலம்பேர் கணக்காகிவிடும். சரியான விடை 16-இல் 2, அதாவது அரைக்கால். ஈராறுக்கு 16-இல் 1, அதாவது மாகாணி. மூன்றுக்கு 16-இல் 4, அதாவது கால். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்கும் பழைய தமிழ்ப் பின்னங்கள் இந்தக் கட்டைகளுக்காகவே செய்தவைபோலப் பொருந்துகின்றன.

வரிசை மாறினால் வேறா?

0-1, 1-0 இரண்டையும் தனித்தனியாக எண்ணியது ஏன் என்று கேட்கத் தோன்றும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இரண்டிலும் ஒரு புள்ளிதான் தெரிகிறது. ஒரு கட்டைக்குச் சிவப்புச் சாயம் பூசினால் வேறுபாடு புலப்படும். சிவப்புக் கட்டையில் வெறுமையும் மற்றதில் ஒன்றும் விழுவது ஒரு விளைவு. சிவப்பில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுவது வேறொரு விளைவு. சாயம் பூசினாலும் பூசாவிட்டாலும் கட்டைகள் விழும் விதம் மாறாது. ஆகவே சாயம் இல்லாதபோதும் இரண்டாகத்தான் எண்ண வேண்டும்.

இதே ஐயம் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் கலீலியோவின் முன் வந்தது. மூன்று பகடைகளை உருட்டும்போது கூட்டல் 9 வர ஆறு சேர்க்கைகள் உண்டு: 1-2-6, 1-3-5, 1-4-4, 2-2-5, 2-3-4, 3-3-3. கூட்டல் 10 வரவும் ஆறுதான்: 1-3-6, 1-4-5, 2-2-6, 2-3-5, 2-4-4, 3-3-4. ஆனால் ஆடிப் பழகியவர்கள் 9-ஐவிட 10 சற்றே கூடுதலாக விழுவதாகக் கண்டிருந்தார்கள். கலீலியோ வரிசைகளையும் சேர்த்து எண்ணினார். மூன்று எண்களும் வெவ்வேறாக இருந்தால் அவை ஆறு வரிசைகளில் விழலாம். இரண்டு ஒன்றாக இருந்தால் மூன்று வரிசைகள். மூன்றும் ஒன்றானால் ஒரே வரிசை. அப்படி எண்ணும்போது 9-க்கு 25 வழிகளும், 10-க்கு 27 வழிகளும் கிடைக்கின்றன. மொத்தம் 6 × 6 × 6 = 216. வேறுபாடு 216-இல் 2 மட்டுமே. 3-3-3 என்ற சேர்க்கையை மற்றவற்றுக்குச் சமமாக வைத்ததுதான் குழப்பத்தின் வேர்.

'அல்லது' வந்தால்

ஒரு கணக்கில் 'அல்லது' என்ற சொல் வந்தால் பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும். தாயக்கட்டையில் ஐந்து அல்லது ஆறு விழ வாய்ப்பு எவ்வளவு? ஐந்துக்கு 2 வழிகள், ஆறுக்கு 1 வழி. கூட்டினால் 16-இல் 3. ஒரே வீச்சில் ஐந்தும் ஆறும் சேர்ந்து விழ முடியாது என்பதால் நேரடியாகக் கூட்டலாம். இத்தகையவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். பல ஊர்களில் தாயம், ஐந்து, ஆறு, ஈராறு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது வழக்கம். 2 + 2 + 1 + 1 = 6. மறு ஆட்டம் கிடைக்க 16-இல் 6 வாய்ப்பு.

இரண்டும் சேர்ந்து நிகழக்கூடுமானால் எச்சரிக்கை வேண்டும். 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவினால் அது ராஜாவாக அல்லது ஹார்ட்டாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? ராஜா 4, ஹார்ட் 13, கூட்டினால் 17. ஆனால் ஹார்ட் ராஜா இரண்டு கணக்கிலும் ஏறிவிட்டார். ஒரு முறை கழித்தால் 16. விடை 16/52, சுருக்கினால் 4/13. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பொதுவானதை ஒரு முறை கழிப்பதுதான் கூட்டல் தேற்றத்தின் சாரம்.

'குறைந்தது ஒன்று' வந்தால்

'ஒரு முறையாவது', 'குறைந்தது ஒன்று' என்ற சொற்கள் வந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது எளிது. ஒரு நிகழ்ச்சி நடப்பதும் நடக்காமல் போவதும் சேர்ந்து 1. நடக்காமல் போவதன் நிகழ்தகவைக் கண்டு, 1-இலிருந்து கழித்தால் போதும். நடக்காமல் போவதற்கு நிரப்பு நிகழ்ச்சி என்று பெயர்.

ஐந்து முறை உருட்டினால் ஒரு முறையாவது தாயம் விழுமா? ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை என்று தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டலாம், நேரம் பிடிக்கும். ஒரு முறைகூட விழாமல் போவதைக் கணக்கிடுவது ஒரே வரியில் முடியும். ஒரு வீச்சில் தாயம் விழாமல் போக 7/8. ஐந்து வீச்சிலும் விழாமல் போக 7/8-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். கிடைப்பது சுமார் 0.513. ஆகவே ஒரு முறையாவது விழ 0.487, பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆறாவது வீச்சும் சேர்ந்தால் 0.551, பாதிக்கு மேல்.

நிகழ்தகவுக் கலையின் தொடக்க வரலாற்றிலும் இந்தக் கணக்குக்கு இடமுண்டு. ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டுவது லாபம். அப்படியானால் இரண்டு பகடைகளை 24 முறை உருட்டினால் ஒரு இரட்டை ஆறாவது விழும் என்பதும் லாபமாகத்தானே இருக்க வேண்டும்? 6-க்கு 4 எப்படியோ, 36-க்கு 24 அப்படி என்பது விகிதக் கணக்கு. பிரெஞ்சுப் பிரபு ஷெவாலியே த மெரே எழுப்பிய இந்தக் கேள்வியை 1654-இல் பிளெய்ஸ் பாஸ்கல், பியர் த ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். முதல் பந்தயத்தில் ஆறு விழாமல் போக 5/6-ஐ நான்கு முறை பெருக்கினால் 625/1296. ஆகவே வெல்லும் வாய்ப்பு 671/1296, சுமார் 0.518. இரண்டாவதில் 35/36-ஐ 24 முறை பெருக்கி 1-இலிருந்து கழித்தால் சுமார் 0.491. முதல் பந்தயம் லாபம், இரண்டாவது நட்டம். வாய்ப்புகள் விகிதமாக வளர்வதில்லை. அவை பெருக்கலில் இயங்குகின்றன.

ஓர் அறையில் எத்தனை பேர் இருந்தால் யாராவது இருவருக்கு ஒரே பிறந்த நாள் இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டும் என்ற புகழ்பெற்ற கணக்கும் இதே வழியில் விடுபடும். எல்லோருக்கும் வெவ்வேறு நாளாக இருக்க 364/365, 363/365, 362/365 என்று ஒவ்வொருவராகச் சேர்த்துப் பெருக்கிக்கொண்டே போனால், 23-ஆவது ஆள் வரும்போது பெருக்குத்தொகை பாதிக்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே 23 பேர் போதும். வாய்ப்பு சுமார் 0.507. வியப்பாகத் தோன்றினாலும், 23 பேரில் 253 ஜோடிகள் உண்டு என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பு தணியும்.

'இரண்டும்' வந்தால்

இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து நடப்பதற்குப் பெருக்கல். ஆனால் எதை எதனால் பெருக்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். ஒரு பையில் 5 சிவப்புப் பந்துகளும் 3 நீலப் பந்துகளும் உள்ளன. இரண்டு பந்துகளை எடுத்தால் இரண்டும் சிவப்பாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? பேனாவை எடுக்கும் முன் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: முதல் பந்து மறுபடி பைக்குள் போகிறதா, இல்லையா?

திருப்பிப் போட்டால் இரண்டாம் முறையும் பை பழையபடிதான் இருக்கும். 5/8 × 5/8 = 25/64. இங்கே முதல் முறை நடந்தது இரண்டாம் முறையைப் பாதிக்கவில்லை. இவை சார்பற்ற நிகழ்ச்சிகள்.

திருப்பிப் போடாவிட்டால் பை மாறிவிடுகிறது. முதலில் சிவப்பு வந்திருந்தால் மீதம் 7 பந்துகள், அவற்றில் 4 சிவப்பு. 5/8 × 4/7 = 20/56. கீழ் எண் 8-இலிருந்து 7 ஆனதைக் கவனித்தால் பாதிக் கணக்கு முடிந்தது. இதே முறையில் இரண்டும் நீலமாக இருக்க 3/8 × 2/7 = 6/56. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்பதற்கு இரண்டு வழிகள்: சிவப்பு முதலில், அல்லது நீலம் முதலில். 15/56 + 15/56 = 30/56. மூன்றையும் கூட்டினால் 20 + 6 + 30 = 56. மொத்தம் 1 ஆகிவிட்டது, கணக்கு சரி. தேர்வில் சிவப்பு-நீலம் என்ற ஒரு வழியை மட்டும் எழுதி 15/56 என்று முடித்தவர், இந்தக் கூட்டலைச் செய்து பார்த்தால் விடுபட்டதை அங்கேயே பிடித்துவிடலாம்.

ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளையும் சார்பற்ற நிகழ்ச்சிகளையும் ஒன்றெனக் கருதுவது பரவலான பிழை. ஒன்று நடந்தால் மற்றது நடக்கவே முடியாது என்றால், முதலாவது இரண்டாவதை முழுவதுமாகப் பாதிக்கிறது. அவை சார்பற்றவையாக இருக்க வழியில்லை.

பாதியில் நின்ற ஆட்டம்

பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-இல் எழுதிக்கொண்ட கடிதங்களின் மையம் வேறொரு கணக்கு. இருவர் ஆளுக்கு 32 பொற்காசுகள் வைத்து ஆடுகிறார்கள். முதலில் மூன்று சுற்றுகளை வெல்பவருக்கு 64 காசும். ஒருவர் இரண்டு சுற்றும் மற்றவர் ஒரு சுற்றும் வென்ற நிலையில் ஆட்டம் நின்றுவிடுகிறது. காசை எப்படிப் பிரிப்பது?

இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சோலி, 1494-இல் வெளியிட்ட நூலில், இதுவரை வென்ற சுற்றுகளின் விகிதத்தில் பிரிக்கலாம் என்ற வழியைக் கையாண்டார். அதன்படி இங்கே 2-க்கு 1. ஃபெர்மா பின்னால் பார்க்கவில்லை, முன்னால் பார்த்தார். இன்னும் அதிகபட்சம் இரண்டு சுற்றுகளில் ஆட்டம் முடிந்துவிடும். இரண்டு சுற்றுகளும் நான்கு விதமாக முடியலாம். முன்னணியில் இருப்பவர் முதல் சுற்றை வெல்லலாம், இரண்டாவதை வெல்லலாம், இரண்டையும் வெல்லலாம். இந்த மூன்றிலும் பரிசு அவருக்கே. இரண்டையும் தோற்றால் மட்டுமே பரிசு மற்றவருக்கு. ஆகவே 64-இல் முக்கால் பங்கு, 48 காசு முன்னணியில் இருப்பவருக்கு. 16 காசு மற்றவருக்கு. பாஸ்கல் வேறொரு வழியில் சென்று அதே 48-ஐ அடைந்தார்.

இதற்குக் கணித அறிஞர் ரோபர்வால் ஒரு மறுப்பு எழுப்பினார்: முன்னணியில் இருப்பவர் முதல் சுற்றை வென்றுவிட்டால் இரண்டாவது சுற்றே நடக்காதே, நடக்காததை ஏன் எண்ண வேண்டும்? நூறு ஆண்டுகள் கழித்து த'அலம்பேர் சொன்ன காரணமும் இதுதான். அதற்கான பதில் பாஸ்கலின் கடிதத்திலேயே இருக்கிறது. முடிவு தெரிந்த பிறகும் இருவரும் விளையாட்டாக இன்னொரு சுற்று ஆடினால் பரிசு கைமாறப்போவதில்லை. ஆகவே நான்கையும் எழுதுவதால் நியாயம் கெடாது. எடை சமமாகிறது, எண்ணவும் முடிகிறது.

ஒரு செய்தி தெரிந்த பிறகு

தாயக்கட்டைகளில் ஒன்று கண்முன்னே விழுந்தது. மற்றது உருண்டு திண்ணைக்குக் கீழே போய்விட்டது. கண்முன் உள்ள கட்டையில் வெறுமை. இப்போது தாயத்துக்கு வாய்ப்பு எவ்வளவு? கீழே கிடக்கும் கட்டையில் 1 இருந்தாக வேண்டும். நான்கில் ஒன்று, கால். கண்முன் உள்ளதில் 3 இருந்தால் தாயத்துக்கு வாய்ப்பே இல்லை. கட்டைகள் மாறவில்லை, தெரிந்த செய்தி பட்டியலைச் சுருக்கிவிட்டது. 16 வழிகளில் அந்தச் செய்தியோடு பொருந்தும் 4 மட்டுமே மிஞ்சின. இப்படிச் சுருங்கிய பட்டியலில் காண்பது நிபந்தனை நிகழ்தகவு. 'எத்தனையில்?' என்ற கேள்வி இங்கேதான் மிகவும் கூர்மையாகிறது.

வாழ்க்கையில் இந்தக் கணக்கு மிகுதியும் தேவைப்படும் இடம் மருத்துவப் பரிசோதனை. ஒரு நோய் நூற்றில் ஒருவருக்கு இருப்பதாகக் கொள்வோம். ஒரு பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாகக் காட்டும். நோய் இல்லாதவர்களில் 5 விழுக்காட்டினரைத் தவறாக 'நோய் உண்டு' என்று காட்டும். ஒருவருக்கு 'உண்டு' என்று முடிவு வந்திருக்கிறது. அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 90 விழுக்காடு என்று சொல்லவே பலருக்கும் தோன்றும்.

விழுக்காடுகளை ஆட்களாக மாற்றிவிட்டால் கணக்கு தெளிவாகும். 10,000 பேரை எடுத்துக்கொண்டால், நோய் உள்ளவர்கள் 100 பேர். அவர்களில் 90 பேருக்கு 'உண்டு' என்று வரும். நோய் இல்லாதவர்கள் 9,900 பேர். அவர்களில் 5 விழுக்காடு, 495 பேருக்கும் 'உண்டு' என்று வரும். ஆக 'உண்டு' என்ற தாளோடு நிற்பவர்கள் 585 பேர். அவர்களில் நோயாளிகள் 90. விடை 90/585, சுமார் 15 விழுக்காடு. பரிசோதனை பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. ஒரு விழுக்காடாக இருந்த வாய்ப்பை 15 ஆக உயர்த்தியிருக்கிறது. அடுத்த பரிசோதனை தேவை, அதற்குள் மனம் உடைய வேண்டியதில்லை என்பதுதான் பொருள். 'நோய் உள்ளவருக்கு உண்டு என்று வருவது' வேறு, 'உண்டு என்று வந்தவருக்கு நோய் இருப்பது' வேறு. முதலாவதில் கீழ் எண் 100, இரண்டாவதில் 585. இப்படி விளைவிலிருந்து காரணத்தை நோக்கித் திரும்பும் கணக்குக்கு அடிப்படை அமைத்த தாமஸ் பேயிஸின் கட்டுரை, அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து 1763-இல் வெளியானது.

நாணயத்துக்கு நினைவு இல்லை

தொடர்ந்து ஐந்து முறை தலை விழுந்துவிட்டால் அடுத்தது பூதான் என்று மனம் அடித்துச் சொல்லும். நாணயத்துக்கு முன்பு விழுந்தது தெரியாது. ஆறாவது முறையும் அரைக்கு அரைதான். 1913 ஆகஸ்டில் மான்டி கார்லோ சூதாட்ட அரங்கின் ரூலெட் மேசை ஒன்றில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. இனிச் சிவப்புதான் என்று நம்பிப் பணத்தை மேலும் மேலும் கட்டியவர்கள் பெரும் தொகையை இழந்தார்கள். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 18 கறுப்பு, 18 சிவப்பு, ஒரு பூச்சியம். ஒவ்வொரு சுற்றிலும் சிவப்புக்கு 18/37 தான். முந்தைய சுற்றுகள் அதை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

அப்படியென்றால் நெடுங்காலத்தில் பாதிக்குப் பாதி வரும் என்பது எப்படி? இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தென்னாப்பிரிக்கக் கணித அறிஞர் ஜான் கெர்ரிக் ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டிக் குறித்துவைத்தார். தலை விழுந்தது 5,067 முறை. பாதியைவிட 67 கூடுதல். ஆனால் விகிதம் 50.67 விழுக்காடு. நாணயம் பழைய கடனைத் தீர்ப்பதில்லை. சுண்டும் எண்ணிக்கை பெருகப் பெருக, தொடக்கத்தில் ஏற்பட்ட ஏற்றத்தாழ்வு அந்தப் பெருங்கூட்டத்தில் கரைந்துவிடுகிறது. இதைப் பெரும் எண்களின் விதி என்பார்கள். இதற்கு முதன்முதலில் நிறுவல் தந்தவர் யாக்கோப் பெர்னூலி. அவருடைய நூல் 1713-இல் வெளிவந்தது.

சராசரியாக என்ன கிடைக்கும்?

ஒவ்வொரு விளைவின் மதிப்பையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது எதிர்பார்ப்பு மதிப்பு. 1657-இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் வெளியிட்ட சிறுநூல் இந்தக் கருத்தை அடித்தளமாகக் கொண்டது. தாயக்கட்டையின் ஒரு வீச்சுக்குக் கணக்கிட்டால், 1 × 2, 2 × 3, 3 × 4, 4 × 3, 5 × 2, 6 × 1, 12 × 1 எல்லாம் சேர்ந்து 60. 16-ஆல் வகுத்தால் 3.75. ஒரு வீச்சுக்குச் சராசரியாக மூன்றே முக்கால் கட்டம் நகரலாம். இரட்டை வெறுமைக்கு 12 தராமல் பூச்சியமே தந்திருந்தால் இந்தச் சராசரி சரியாக மூன்றாக இருந்திருக்கும். அரிதாக விழும் ஈராறு மட்டுமே முக்கால் கட்டத்தைக் கூட்டித் தருகிறது.

ஒரு லட்சம் சீட்டுகள் விற்கப்படும் லாட்டரியில் சீட்டின் விலை 10 ரூபாய், பரிசு ஒன்றே ஒன்று, 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு சீட்டின் எதிர்பார்ப்பு மதிப்பு 5 லட்சத்தை ஒரு லட்சத்தால் வகுத்த 5 ரூபாய். வாங்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் சராசரியாக 5 ரூபாய் நட்டம். தினமும் வாங்குபவருக்கு அந்த நட்டம் நாள்தோறும் சேரும். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிச் சீட்டு விற்பனை தடை செய்யப்படும்வரை, கூலி வாங்கிய கையோடு சீட்டு வாங்கிய பல குடும்பங்களுக்கு இந்த எளிய வகுத்தல் யாரும் சொல்லாத செய்தியாகவே இருந்தது.

விடையைச் சரிபார்த்தல்

நிகழ்தகவுக் கணக்கு எதுவானாலும் செல்லும் தடம் ஒன்றுதான். முதலில் சோதனை என்ன என்பதைச் சொந்தச் சொற்களில் எழுத வேண்டும்: எத்தனை கட்டைகள், எத்தனை முறை, திருப்பிப் போடுகிறோமா, ஏதேனும் செய்தி முன்பே தெரிந்திருக்கிறதா? அடுத்தது கூறுவெளி. சிறிதானால் முழுவதையும் எழுதலாம். பெரிதானால் பெருக்கி எண்ணலாம். எழுதியவை சம எடை கொண்டவையா என்று பார்ப்பது மூன்றாவது படி. அதன் பிறகே வேண்டிய நிகழ்ச்சியைக் குறித்து, கூட்டுவதா, பெருக்குவதா, 1-இலிருந்து கழிப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.

விடை வந்த பிறகும் மூன்று சோதனைகள் உண்டு. விடை 0-க்கும் 1-க்கும் இடையே இருக்கிறதா? எதிர் நிகழ்ச்சியையும் தனியே கணக்கிட்டுக் கூட்டினால் 1 வருகிறதா? எண்களைச் சிறிதாக்கி, விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்தால் அதே முறை சரியான விடையைத் தருகிறதா? மூன்றிலும் தேறிய விடையை நம்பலாம். ஒன்றில் தவறினாலும் மேல் எண்ணைத் திருத்தப் போகாமல், முதலில் கீழ் எண்ணைத் திரும்ப எண்ணிப் பார்ப்பதே நல்ல வழி.